ஆமைக் குஞ்சு தின்னவில்லையா? முதலில் தீனியை எடுத்துவிடுங்கள்

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: திசையன்விளைக்குத் தெற்கே ஒரு முருங்கைத் தோட்டத்து வேலி ஓரத்தில், மழை விட்ட மறுநாள், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத நட்சத்திர ஆமைக் குஞ்சு ஒன்று கிடைத்திருக்கிறது. வீட்டுப் பிள்ளை அதைச் செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். நான்கு நாட்களாக எதுவும் தின்னவில்லை. கண்ணைத் திறப்பதில்லை, தொட்டாலும் பெரிதாக அசைவதில்லை. வெள்ளரிக்காய், பால்சோறு, ஊறவைத்த பயறு எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டார்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படாது, கொண்டுபோய் வெளியே விடு" என்று ஆச்சி சத்தம் போடுகிறார். பிழைக்க வைக்க என்ன செய்யலாம்?

ஆச்சியின் பயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் பெட்டியில் கிடக்கிற தீனி அத்தனையையும் எடுத்து வெளியே போடுங்கள்.

நலிந்த ஆமைக் குஞ்சைப் பார்த்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, "பசியாக இருக்கும், எதையாவது ஊட்ட வேண்டும்" என்பதுதான். அங்கேதான் குஞ்சு சாகிறது. ஆமைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. சுற்றிலும் எவ்வளவு சூடோ, உடம்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். உடம்பு குளிர்ந்து கிடந்தால் குடல் வேலை செய்யாது. உள்ளே போன தீனி செரிக்காமல் கிடந்து கெட்டுப்போகும். உடம்பில் நீர் வற்றியிருந்தால் தீனி நகரவே நகராது. ஆகவே சூடு, அதன்பின் தண்ணீர், அதன்பின் தீனி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மற்றதெல்லாம் சில்லறை விவரம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்ட கை. வனத்துறையினர் மீட்டுக் கொண்டுவந்த குஞ்சுகளைக் காட்டில் விடும்வரை பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது உதவிக்குப் போனேன். இதுவரை என் பார்வையில் இருந்த நலிந்த குஞ்சுகள் பதினேழு. பதினொன்று பிழைத்தன. செத்த ஆறில் ஒன்று என் கையாலேயே செத்தது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

உங்கள் குஞ்சு உண்மையிலேயே நலிந்ததா என்று முதலில் பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு சில நாட்கள் எதையும் தின்னாது. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு. மூக்குக்குக் கீழே, மேலலகின் நுனியில், குண்டூசித் தலைபோல் வெள்ளையாக ஒரு முள் தெரிகிறதா? அது முட்டையோட்டைக் கிழித்த பல். அது இன்னும் இருந்தால் பிறந்து அதிக நாள் ஆகவில்லை. அடிஓட்டின் நடுவில் தொப்புள்போல ஒரு வடு இருக்கும். அந்த இடத்தில் மஞ்சளாக ஏதேனும் பிதுங்கிக்கொண்டிருந்தால் தொடவோ இழுக்கவோ கூடாது, மஞ்சள்பொடி தடவவும் கூடாது. கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியின்மேல் விட்டுவிட்டால் சில நாளில் தானாக உள்ளே போய்விடும். இன்னொன்று: நட்சத்திர ஆமை காலையிலும் மாலையிலும்தான் நடமாடும். உச்சிப்பொழுதில் புதருக்குள் தலையை இழுத்துக்கொண்டு கிடப்பது அதன் வழக்கம். நண்பகலில் போய்ப் பார்த்துவிட்டு "சோர்ந்து கிடக்கிறது" என்று தூக்கி வருபவர்கள் பாதிப் பேர். தாய் ஆமை முட்டையிட்டு மண்ணை மூடியதோடு போய்விடும். தனியாகத் திரிகிற குஞ்சு அநாதை இல்லை, அதன் பிறப்பே அப்படி.

ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளங்கள் நலிவின் அடையாளங்கள்தான். உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நல்ல குஞ்சு கூழாங்கல்போல் அளவுக்கு மீறிய கனமாகத் தெரியும். வற்றிய குஞ்சு காலி நத்தை ஓடுபோல் இருக்கும். பின்னங்காலை விரலால் மெல்ல இழுத்தால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கால் தொங்கினால், கண் குழிவிழுந்திருந்தால், கழுத்துத் தோல் சுருங்கித் தளர்ந்திருந்தால் நீர் வற்றிவிட்டது. ஓடு கொஞ்சம் நெகிழ்ந்தால் பயப்பட வேண்டாம். இந்த வயதில் கைவிரல் நகம்போல் லேசாக வளைவது இயல்பு. ஊறிய அட்டைபோல் அமுங்கினால்தான் கோளாறு.

இப்போது சூடு. கார்த்திகை மழையில் நம் ஊர் வீடுகளின் மொசைக் தரை எவ்வளவு சில்லிட்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தரையில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு செருப்புப் பெட்டி. குஞ்சு கண்ணைத் திறக்காததில் வியப்பே இல்லை. சற்று அகலமான, உள்ளே பார்வை புகாத பிளாஸ்டிக் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நனைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளை மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மணல் வேண்டாம், தீனியோடு சேர்ந்து குடலை அடைக்கும். தொட்டியின் ஒரு ஓரத்துக்கு மேலே, ஒரு முழம் உயரத்தில், கோழிக்குஞ்சுக்குப் போடுகிற நாற்பது வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. பல்பின் நேர் கீழே 32 டிகிரி செல்சியஸ், எதிர் ஓரத்தில் 26 அல்லது 27 என்று இருக்க வேண்டும். மருந்துக்கடையில் காய்ச்சல் பார்க்க வாங்குகிற கருவி இதற்கு உதவாது. அறை வெப்பம் காட்டும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கிக் குஞ்சு இருக்கும் மட்டத்திலேயே வையுங்கள். குளிர்ந்த ஓரத்தில் உடைந்த மண்சட்டி ஓடு ஒன்றைக் கவிழ்த்துவிட்டால் அதற்கு வீடு கிடைத்துவிடும். சூடு வேண்டுமா நிழல் வேண்டுமா என்பதைக் குஞ்சே நடந்து முடிவுசெய்யட்டும். இரவில் 25-க்குக் கீழே போகவிடாதீர்கள். கரண்ட் போனால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றித் தொட்டியின் ஒரு ஓரத்தில் வைக்கலாம்.

சிலர் குறுக்கு வழியாகத் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துவிடுவார்கள். நம் ஊர்ப் பத்து மணி வெயிலில் பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிழல் இல்லாமல் கிடந்தால், நீங்கள் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் குஞ்சு வெந்துவிடும்.

சூடேறி ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர். தட்டையான கிண்ணத்தின் அடியில் ஒரு துண்டுத் துணியை விரியுங்கள், கால் வழுக்காமல் இருக்க. கைக்குழந்தையைக் குளிப்பாட்டப் பார்ப்பதுபோல் முழங்கை வைத்துப் பார்த்து, இளஞ்சூடான நீரை ஊற்றுங்கள். மேலோடும் அடிஓடும் சேர்கிற விளிம்பு வரைதான் நீர் நிற்க வேண்டும். தலையைத் தொங்கவிட்டாலும் மூக்கு முழுகக் கூடாது. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும்; நீங்கள் குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள். பதினைந்திலிருந்து இருபது நிமிடம், காலையும் மாலையும். அத்தனை நேரமும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனால், திரும்பி வரும்போது குஞ்சு குப்புற விழுந்து முழுகியிருக்கும்.

எதற்காக இந்தத் தண்ணீர்? முதல் சில நிமிடங்கள் எதுவும் நடக்காது. பிறகு தாடையின் கீழ்ப்புறம் மெல்ல ஏறி இறங்குவது தெரியும். குனிந்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். குஞ்சு குடிக்கிறது! கொஞ்ச நேரத்தில் பின்புறத்திலிருந்து வெள்ளையாக ஏதோ வரும். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புபோல் குழைவாக வந்தால் நல்லது. மணல்போல் நறநறவென்று இருந்தால் நீண்ட நாள் தாகத்தில் இருந்திருக்கிறது என்று பொருள். இன்னும் சில நாள் விடாமல் செய்ய வேண்டும். நீரிலிருந்து எடுத்ததும் மெத்தென்ற துணியால் ஒற்றிவிட்டு, பல்புச் சூட்டுக்கே திரும்ப விடுங்கள். கண் ஒட்டியிருந்தால், கொதித்து ஆறிய நீரில் தொட்ட பஞ்சால் ஒற்றுங்கள், பிரிக்காதீர்கள். நீர் ஏறிவிட்டால் பெரும்பாலும் இமை தானாகத் திறக்கும்.

இப்போது நான் கெடுத்த கதை. என்னிடம் வந்த இரண்டாவது குஞ்சு அது, பத்தொன்பது கிராம். வாயே திறக்கவில்லை. ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துப் பழகியவன் அல்லவா, குளுக்கோஸ் தண்ணீரை மை நிரப்பியில் எடுத்து, அலகை நகத்தால் திறந்து, இரண்டு சொட்டு விட்டேன். இரண்டே சொட்டு. கழுத்தை நீட்டி ஒரு முறை வாயைப் பிளந்தது. மறுநாள் மூக்கில் நுரை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது. ஆமையின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. நமக்கு இருப்பதுபோல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலான தசை, உதரவிதானம், அதற்கு இல்லை. நுரையீரலுக்குள் போன நீரை இருமி வெளியே தள்ள முடியாது. அதனால் சொட்டு மருந்துக்குப்பி, ஊசி இல்லாத சிரிஞ்சு, தேக்கரண்டி எதையும் அதன் வாயருகே கொண்டுபோக வேண்டாம். குழாய் வழியாக ஊட்டுவது மருத்துவர் வேலை. அடிவயிற்றைப் பார்க்க வேண்டும் என்று மல்லாக்கப் போட்டு வைக்கவும் கூடாது. நுரையீரல் மேலோட்டுக்கு அடியில் இருக்கிறது. மல்லாந்தால் குடலின் பாரம் அதன்மேல் விழும்.

இரண்டு மூன்று நாளில் குஞ்சு தானாக எழுந்து நடக்க ஆரம்பிக்கும். அப்போது தீனி. நட்சத்திர ஆமை இலைதழை தின்பது. பாலை அதனால் செரிக்க முடியாது. சோறு, ரொட்டி, முட்டை, கருவாடு எதுவும் ஆகாது. பயறு வகைகளில் இந்த உடம்புக்குத் தேவைக்கு மேல் புரதம் இருக்கிறது. வெள்ளரிக்காய் விஷமில்லை, ஆனால் அதில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பசலைக்கீரை சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கடையிலிருந்து எதுவும் வாங்க வேண்டாம்; உங்கள் வேலியிலேயே எல்லாம் இருக்கிறது. அறுகம்புல்லின் இளந்தளிர், செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ, முருங்கைக் கொழுந்து. சப்பாத்திக்கள்ளியின் இளமடல் மிக நல்ல தீனி. கள்ளியை எடுக்கும்போது பெரிய முள்ளைவிட, கண்ணுக்குத் தெரியாத சுணை முள்தான் ஆபத்து. தணலில் வாட்டித் தோலைச் சீவிவிட்டு உள்ளே இருக்கிற சோற்றைப் பொடியாக நறுக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த தோட்டமானால் அங்கிருந்து ஒரு இலையும் கிள்ளாதீர்கள். முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி மருந்து அடித்திருக்கிறீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் அரிசியளவு வெட்டி, ஒரு ஓட்டுத் துண்டின்மேல் வையுங்கள். நான் கண்ட வரையில் நலிந்த குஞ்சு முதலில் வாய்வைப்பது சிவப்பில்தான். பிழைத்தவற்றில் ஒன்று எட்டு நாள் எதையும் தொடவில்லை. ஒன்பதாம் நாள் காலை, குளிப்பாட்டி விட்ட பிறகு, செம்பருத்தி இதழ் ஒன்றைக் கிழித்து அதன் முன்னால் போட்டேன். கழுத்தை நீட்டி, மூக்கை இதழில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, கணக்குப் பார்க்கும் செட்டியாரைப்போல் வெகுநேரம் அசையாமல் நின்றது. பிறகு வாயைத் திறந்து ஒரு கடி. குறி தப்பி வெறும் காற்றைக் கடித்தது. இரண்டாவதில் இதழின் ஓரம் பிறை வடிவத்தில் காணாமல் போனது. அந்த இதழை நான் இன்னும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள். நுரையொன்றும் இல்லை, கணவாய் மீனின் ஓடுதான் அது. உவரிப் பக்கம் போகிறவர்கள் கரையிலேயே பொறுக்கிவிடலாம்; நன்றாக ஊறவைத்து உப்பை நீக்கிக் காயவைக்க வேண்டும். கத்தியால் சுரண்டி ஒரு சிட்டிகையைத் தீனிமேல் தூவினால் போதும். ஆனால் சுண்ணாம்பு எலும்பிலும் ஓட்டிலும் சேர வெயில் வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால்தான் தோலில் டி வைட்டமின் உண்டாகும். அந்தக் கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. காலையில் எட்டு, எட்டரை மணிக்கு, பாதி வெயில் பாதி நிழலாக, அகலமான பனையோலைப் பெட்டியில் கால் மணி நேரம் விடுங்கள். காற்றோட்டமான ஓலைப்பெட்டி பிளாஸ்டிக்போல் சூடேறாது. மேலே வலையும் பக்கத்தில் ஆளும் அவசியம். காக்கைக்கு இந்த அளவுக் குஞ்சு ஒரு வாய்.

எறும்பைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. நலிந்து அசையாமல் கிடக்கும் குஞ்சின் கண்ணையும் தொப்புள் வடுவையும்தான் எறும்பு முதலில் தேடும். தொட்டியை ஒரு முக்காலியின்மேல் வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்; பலகாரத்துக்குச் செய்வதுதான். எறும்புப்பொடியைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. மிஞ்சிய தீனியை மாலையிலேயே எடுத்துவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஆடு மாடு வைத்திருக்கும் வீடுகளில் ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்துப் பாட்டில் ஒன்று அலமாரியில் இருக்கும். "பூச்சி இருக்கும், ஒரு சொட்டு கொடுப்போம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கால்நடைக்கு நல்ல மருந்துதான். ஆமை இனத்துக்கு அது நஞ்சு. உடம்பெல்லாம் செயலிழந்து சாகும். கண் திறக்கவில்லை என்று ஏ வைட்டமின் ஊசி போடச் சொல்வாரும் உண்டு. அளவு மீறினால் தோல் உரிந்து வரும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு, ஓட்டில் விரிசல், அடிஓட்டில் செந்நிறம், பின்புறம் சதை பிதுங்கல்: இவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு, திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வனத்துறை மூலமாகக் கொண்டுசெல்லுங்கள். பயணத்தில் பெட்டி சில்லிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வனத்துறை என்றேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் முதலில் சொன்னால் பலர் பயந்து குஞ்சைத் தெருவில் போட்டுவிடுகிறார்கள். நட்சத்திர ஆமை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது. வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். வெளிநாடுகளுக்குக் கடத்துவது மிகுந்துபோனதால், அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்பாட்டிலும் 2019-இல் மிக உயர்ந்த காப்புப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. ஆகவே இதைப் படித்து முடித்ததும் உங்கள் வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். மேலே எழுதியது எல்லாம் அவர்கள் வந்து வாங்கும்வரை, அல்லது அவர்கள் சொல்லும்வரை, குஞ்சை உயிரோடு வைத்திருப்பதற்குத்தான். தானாகக் கூப்பிட்டு ஒப்படைத்தவர்மேல் வழக்குப் போட்டதை நான் பார்த்ததில்லை. "இப்படியே வளர்த்துவிடலாமே" என்று பிள்ளை அழுதால், நன்றாக வளர்ந்தால் அது பல பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர், செருப்புப் பெட்டிக்குள் அடங்காது என்று சொல்லிப் பாருங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும் பழக்குங்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி ஆமைகளின் உடம்பில் இருப்பது உண்டு.

ஆச்சியிடம், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று பழமொழி சொன்னது இந்தக் காலத்துச் சட்டத்தை எண்ணித்தான் என்று சொல்லுங்கள். ஆமையை ஒளித்து வைத்தால், ஜப்தி செய்ய வருகிற கோர்ட்டு ஆளான அமீனா பின்னாலேயே வருவார். வனத்துறைக்கு உடனே சொல்லி ஒப்படைத்தால் யாரும் வரமாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இதே ஆமையை வைத்திருந்தால் செல்வம் கொழிக்கும் என்று சொல்லித்தான் நகரங்களில் விற்கிறார்கள். இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்குவது குஞ்சு.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: அது நட்சத்திர ஆமைதான் என்று உறுதியா? கால் யானைக்கால்போல் உருண்டு, விரலிடைத் தோல் இல்லாமல் இருந்தால் தரையாமை. விரல்களுக்கு நடுவே வாத்துக் கால்போல் தோல் இருந்தால் குளத்து ஆமை. அதற்கு மேலே சொன்ன தீனி பொருந்தாது. துடுப்புப்போல் கால் இருந்தால் கடலாமைக் குஞ்சு. அதை நன்னீரில் போடாமல், ஈரத்துணி விரித்த பெட்டியில் நிழலில் வைத்து உடனே வனத்துறையிடம் கொடுங்கள்.

நகை நிறுக்கிற சிறிய மின்தராசு ஒன்று கிடைத்தால், தினமும் காலையில் தண்ணீரில் விடுவதற்கு முன் எடை போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத தேற்றமும் நலிவும் அந்த அரை கிராமில் தெரிந்துவிடும். முதல் சில நாள் எடை குறையாமல் நின்றாலே நல்ல சேதி. அதே தாளில் குஞ்சு கிடைத்த இடத்தையும், எந்த வேலி, எந்த மரத்தடி என்று குறித்து வையுங்கள். தேறிய பிறகு அதை எங்கே விடுவது என்று முடிவுசெய்ய வனத்துறையினர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.